முத்துக்குளித்துறையின் பெண்பிள்ளைகள்

சென்னை எழும்பூரில் இரவு ஏறினால் காலையில் தூத்துக்குடியில் இறக்கிவிடும் ரயிலுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்று பெயர். கடைப்பலகை, கல்யாணப் பத்திரிகை, கபடிக் குழுவின் பனியன் என்று எங்கே பார்த்தாலும் முத்துநகர்தான். ஆனால் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்துவிட்டது. அதற்குப் பின் பிறந்த நாங்கள் முத்துச் சிலாபம் எனப்படும் முத்துக்குளிப்புப் பருவம் ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. இன்று ஊருக்குச் சோறு போடுவது துறைமுகமும் உப்பளமும் மீனும்தான். பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பெண்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுப்பது என் வேலை. முதலாண்டில் சேரும் பிள்ளைகளிடம், உங்கள் ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் சொல்வேன். நானும் அந்தக் கரையில் பிறந்தவள்தான். அவர்கள் எழுதிவந்ததைப் படித்துப் படித்து எனக்குள் ஒரு கேள்வி வளர்ந்தது. இந்தக் கரைக்கு இத்தனை பெயர் வைத்தவர்கள் யார், அவர்கள் கண்ணில் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்பதுதான் அது.

பெயர்களை எடுத்துக்கொள்வோம். கன்னியாகுமரியில் தொடங்கி இராமநாதபுரம் வரை நீளும் கரைக்குப் போர்த்துக்கீசியர் வைத்த பெயருக்கு முத்துக்குளிக்கும் கரை என்று பொருள். நாம் முத்துக்குளித்துறை என்கிறோம். மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பாறு, வேம்பாறு ஆகிய ஏழு கடற்துறைகளும் இந்தப் பெயருக்குள் அடக்கம். அவர்களுக்கு முன்பே வந்த அரபு வணிகர்கள் தமிழ்க் கரையை மஃபர் என்றார்கள். கடந்துபோகும் இடம் என்று அர்த்தம். இங்கிருந்து இலங்கைக்குக் கடந்தார்கள் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். மார்க்கோ போலோவும் அந்தப் பெயரைத்தான் எழுதிவைத்தார். வடக்கே போனால் சோழமண்டலம். அது ஐரோப்பியர் நாக்கில் கோரமண்டல் ஆயிற்று. நமக்கும் இலங்கைக்கும் நடுவிலிருக்கும் தண்ணீருக்குப் பாக் நீரிணை என்று பெயர் வந்ததற்குக் காரணம், 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த இராபர்ட் பாக்.

கோரமண்டல் என்ற பெயர் இங்கேயே தங்கவில்லை. அந்தப் பெயரைத் தாங்கிய ஆங்கிலேயக் கப்பல் ஒன்று 1820-ல் நியூசிலாந்துக்குப் போனது. அது நங்கூரம் போட்ட இடத்துக்கும் அதே பெயர் வந்தது. இன்றைக்கும் அங்கே கோரமண்டல் என்று ஒரு தீபகற்பம் இருக்கிறது. சோழர் நாட்டின் பெயர் பசிபிக் வரை போய்விட்டது. அந்த 1820-ல் இதே கரையில் பிறந்த ஒரு பெண்பிள்ளைக்கு அடுத்த ஊருக்குப் போய் எழுத்துப் படிக்க வழி இருந்ததா என்று என் வகுப்பில் கேட்பேன். பிள்ளைகள் பதில் சொல்லமாட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் போதும்.

இந்தப் பெயர்கள் எல்லாம் கப்பலிலிருந்து பார்த்தவர்கள் வைத்தவை. வந்தவர் எதைத் தேடி வந்தாரோ, எந்த அரசனுக்குக் கப்பம் கட்டினாரோ, எந்த அதிகாரிக்கு மரியாதை செய்ய நினைத்தாரோ அதுவே கரைக்குப் பெயராகிப்போனது. ஒரே ஒரு பெயர் மட்டும் தனித்து நிற்கிறது. அது குமரி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பில் குமரித்துறை வருகிறது. அங்கே ஒரு பெண்தெய்வம் வாழ்ந்து நீராடியதாகவும், துறவு பூண்ட ஆண்களும் பெண்களும் வந்து நீராடித் தங்குவதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அதே குறிப்பில்தான் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை முத்துக் குளிக்க விட்டார்கள் என்ற செய்தியும் இருக்கிறது. சங்கப் பாடல்கள் கொற்கை முத்தைக் கொண்டாடுகின்றன. மூச்சைப் பிடித்து இறங்கியவன் யார் என்பதை இந்த வெளிநாட்டு மாலுமி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்.

குளிப்பு எப்படி நடந்தது என்பதை நான் ஆச்சியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தோணி நடுச்சாமத்தில் கரைக்காற்றில் புறப்படும். விடியும்போது பாரில் நிற்கும். பார் என்றால் சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டு. குளியாள் ஒரு கல்லில் காலை ஊன்றிக்கொண்டு இறங்குவான். அடி தட்டியதும் கல்லை விட்டுவிடுவான். மேலே நிற்பவன் அதை இழுத்துக்கொள்வான். கீழே இருப்பவன் மூச்சு தாங்குமட்டும் சிப்பியை வாரி வலைப்பையில் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டுவான். சுண்டிய நொடியில் மேலே இழுக்க வேண்டும். சற்று அசந்தால் ஆள் இல்லை. சுறாவைக் கட்டுவதற்கென்று கடற்கட்டி என்று ஒருவர் கரையில் மந்திரம் சொல்வார். ஆனால் குளியாள் நம்பியது மந்திரத்தை விடவும் கயிறு பிடிப்பவனைத்தான்.

கயிற்றை யார் பிடிப்பார்கள்? மச்சான்தான். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். கூடப்பிறந்தவன் பிடித்தால் சொத்துக்கு ஆசைப்பட்டு விட்டுவிடலாம். மச்சான் விடமாட்டான், விட்டால் அவன் தங்கச்சி தாலி அறுக்க வேண்டிவரும். ஆச்சி இதைச் சொல்லும்போது கையைத் தானாகக் கழுத்துக்குக் கொண்டுபோவாள். முத்துக்குளித்துறையின் கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அந்தக் கயிற்றின் உறுதிக்குப் பிணையாகக் கரையில் ஒரு பெண் நின்றாள் என்பதை நான் முதலில் கேட்டது ஒரு பெண்ணின் வாயிலிருந்துதான்.

ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஜெபமாலை ரகசியங்கள் அத்தனையும் மனப்பாடம். எந்த மாதம் எந்தக் காற்று, கச்சான் எப்போது அடங்கும், கொண்டல் எப்போது கிளம்பும், எந்தக் காற்றில் எந்த மீன் என்பதெல்லாம் விரல்நுனியில். அவளைப் படிக்காதவள் என்று குடும்ப அட்டையில் எழுதியிருந்தார்கள்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறியது தமிழ். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்னும் அண்டிரிக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் என்ற சிறு மறைநூல்தான் தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பதில் மூத்தது. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் எங்கள் கரையின் பரதவ மக்கள். முத்து விற்ற காசில் எழுத்துக்கு அச்சுக் கோத்தார்கள். இதைச் சொல்லிப் பெருமைப்படாதவர் எங்கள் பக்கத்தில் கிடையாது, நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் அதே தூத்துக்குடியில் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி, தூய மரியன்னைக் கல்லூரி, வந்தது 1948-ல். இரண்டுக்கும் நடுவே 370 ஆண்டுகள். பெருமையைச் சொல்கிறவர்கள் இந்த இடைவெளியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அந்த இடைவெளியில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லமுடியாது. நாகர்கோவிலில் 1819-லேயே மிஷனரிப் பெண்கள் பள்ளி தொடங்கிவிட்டது. பாளையங்கோட்டைக்குத் தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்தப் பெயர் வரக் காரணமான நிறுவனங்களில் ஒன்று 1895-ல் கல்லூரியான சாரா டக்கர். தென்னிந்தியாவில் பெண்களுக்கான முதல் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். சென்னையில் 1914-ல் இராணி மேரிக் கல்லூரி கடலைப் பார்த்தபடி எழுந்தது. அந்தக் கரைக்கும் இரவல் பெயர்தான்: ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-ல் கடற்கரைச் சாலையைத் திறந்து இத்தாலிய வழக்கில் மெரினா என்று பெயரிட்டார். 2003-ல் அந்தக் கல்லூரியை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டப்போகிறோம் என்று அரசு சொன்னபோது, மாணவிகள் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்து போராடிக் காப்பாற்றினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடலோரத்து நிலம் எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது. அதில் ஒரு துண்டை இது எங்கள் படிப்புக்கு என்று பெண்பிள்ளைகள் பிடித்து நின்றார்கள்.

ஆனால் பாளையங்கோட்டையும் சென்னையும் கடற்கரைக் குடிசைக்கு ரொம்ப தூரம். தூரம் என்று நான் கிலோமீட்டரைச் சொல்லவில்லை. பெண்ணை விடுதியில் விட்டுவிட்டு வரப் பணம் வேண்டும், துணிச்சல் வேண்டும், ஊர் வாயை அடைக்கத் தெரிய வேண்டும். அதனால்தான் உள்ளூரில் ஒரு கல்லூரி வருவது எங்கள் கரையில் எல்லாவற்றையும் மாற்றியது. காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றால் அப்பாவுக்குச் சம்மதம். அந்த ஒற்றைச் சம்மதத்தில்தான் எங்கள் பெண்களின் பட்டங்கள் தொடங்கின.

என்னைப் படிக்கவைத்தது என் சித்தி. ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக ஊர் ஊராகப் போய் விற்பவள். பருவக் கட்டணம் கட்டும் நாளில் என்னோடு வருவாள். கூடையைக் கல்லூரி வாசலில் காவலாளி அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு, சும்மாட்டுத் துணியை உதறிக் கையைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். அந்தத் துணியின் முனையில் முடிந்திருந்த பணத்தை எண்ணிக் கொடுப்பாள். நோட்டு ஈரமாக இருந்தால் முந்தின நாள் ராத்திரியே பாய்க்கடியில் வைத்துக் காயவைத்திருப்பாள், பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதென்று. எனக்கும் கூச்சம் இருந்தது. அது அவள்மேல் வந்த கூச்சம் கிடையாது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை மூக்கைச் சுளித்துவிடுவாளோ என்ற பயம்.

அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு முதிய பெண்ணை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊரே கண்டித்தது, நடவடிக்கையும் எடுத்தார்கள். அந்த வாரம் என் வகுப்பில் மீனவப் பிள்ளைகள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானே எடுத்துப் பேசினேன். கடைசி வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து, “மிஸ், எங்கம்மா தினமும் அந்த மாதிரி பஸ்லதான் போறாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

காயல்பட்டினத்தின் வழி வேறு. மார்க்கோ போலோ காயல் என்று எழுதிய பெரும் துறைமுகம் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. காயல்பட்டினத் தெருக்களுக்கு இடையில் பெண்கள் மட்டும் நடந்துபோக முடுக்குகள் உண்டு. வீட்டின் பின்வாசல் வழியாக முடுக்கில் இறங்கினால் பெரிய தெருவுக்கு வராமலே உம்மா வீட்டுக்கும் லாத்தா (அக்கா) வீட்டுக்கும் போய்விடலாம். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று அவசரமாக எழுதிவிடுகிறார்கள். அந்த முடுக்குகளுக்குள் படிப்பும் நடந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழைப் படிக்கத் தெரிந்த பெண்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். கீழக்கரையில் செய்யிது ஆசியா உம்மா ஞானப் பாடல்களே எழுதினார். ஆக, அறிவுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அதைப் பட்டமாக மாற்றித்தரும் நிறுவனம்தான் இல்லாமல் இருந்தது. கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988-ல் வந்தது. காயல்பட்டினத்தில் வாவு வஜீஹா மகளிர் கல்லூரி இந்த நூற்றாண்டில்தான் வந்தது. இரண்டும் வெளிநாட்டு வணிகத்தில் சம்பாதித்த ஊர்க்காரர்கள் குடும்பப் பெண்களின் பெயரில் நிறுவியவை. கரைக்குப் பெயர் வைத்த அரபு வணிகத்தின் வழித்தோன்றல்கள் அதே கரையில் ஒரு பெண்ணின் பெயரைக் கட்டடத்தில் எழுதிவைத்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

திருச்செந்தூரில் கோவிந்தம்மாள் ஆதித்தனார் மகளிர் கல்லூரி 1986-ல் தொடங்கியபின் ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம் பிள்ளைகளுக்கு வழி சுருங்கியது. நாகர்கோவிலில் ஹோலி கிராஸ் கல்லூரி 1965 முதல் இருக்கிறது. எழுத்தறிவில் கன்னியாகுமரி மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் 91 சதவீதத்தைத் தாண்டித் தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்றதற்கு இருநூறு ஆண்டுப் பள்ளிக்கூடங்கள் பின்னால் இருக்கின்றன. அதே கடற்கரையில் கொஞ்சம் வடக்கே இராமநாதபுரம் வந்தால் அந்த எண் 80-ஐ ஒட்டித்தான் இருந்தது. எங்கே கல்லூரி வாசல் முன்பே திறந்ததோ அங்கே பாட்டியும் படித்திருக்கிறாள், பேத்தியும் படிக்கிறாள்.

தமிழ்நாடு முழுவதும் பார்த்தால் நிலைமை நன்றாகவே இருக்கிறது. ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்வி ஆய்வின்படி கல்லூரி வயதுப் பெண்களில் சேர்க்கை விகிதம் இந்தியா முழுவதற்கும் 28.5 சதவீதம். தமிழ்நாட்டில் 47-க்கும் மேல், அதுவும் ஆண்களைவிட ஒரு நூலிழை கூடுதல். இதில் அரசின் பங்கு பெரிது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவித்தொகையும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துவந்தார்கள். தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாள் முழுக்கப் போராடிய ஒருவரின் பெயரில் இருந்த அந்தத் திட்டத்தை 2022-ல் மாற்றினார்கள். இப்போது அது புதுமைப் பெண் திட்டம்: அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்குக்கே வரும். தாலிக்கு என்று ஒதுக்கிய பணம் பாடப்புத்தகத்துக்கு வந்து சேர்ந்தது. ஊரில் இதைக் குறை சொன்னவர்களும் உண்டு, கல்யாணச் செலவுக்கு யார் கொடுப்பது என்று. மாதம் பிறந்தால் தன் பெயரில் பணம் வருகிறது என்பது ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கும் நிமிர்வைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் நான். அந்த 1,000 ரூபாய் வந்தபின் பேருந்துக் காசையும் ஜெராக்ஸ் கடையையும் பயந்து பயந்து கணக்குப் போடும் நிலை மாறியது.

கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் நடக்கிறது. பையன்கள் பதினாறு பதினேழு வயதில் விசைப்படகில் ஏறிவிடுகிறார்கள். பங்குப் பணம் கைக்கு வந்துவிட்டால் வகுப்பறை கசந்துபோகும். பெண்கள் படித்துக்கொண்டே இருக்கிறார்கள். இதனால் ஒரே வீட்டில் அக்கா எம்.காம்., தம்பி பத்தாம் வகுப்பு என்பது சர்வசாதாரணம். மாப்பிள்ளை தேடும்போதுதான் சிக்கல் வருகிறது. படிக்கவைத்ததற்குச் செலவு, படித்த மாப்பிள்ளைக்குச் சீர்வரிசை என்று இரட்டைச் சுமை. “ஏலா, நீ ஏன் இம்புட்டுப் படிச்சே” என்று தாயே அலுத்துக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். பட்டம் வாங்கியபின் வேலைக்கு அனுப்புவதிலும் தயக்கம். ஆசிரியை, செவிலி, வங்கி என்றால் சரி. வேறெதுவும் யோசனைக்கு வருவதில்லை. பட்டதாரிப் பெண்களின் எண்ணிக்கையைக் கொண்டாடும் கூட்டங்களில் இதை யாரும் பேசாதது எனக்குக் கோபமாக வருகிறது.

அந்த யோசனைக்கு வராத படிப்புகளில் முதல் இடம் கடல் சார்ந்த படிப்புக்குத்தான். தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது. மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பிள்ளையின் அம்மாவிடம் அதை எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மீன்ல இருந்து தப்பிக்கத்தானே மிஸ் படிக்க அனுப்புறோம்” என்றார். அவர் சொன்னதில் ஒரு வாழ்நாள் உழைப்பின் களைப்பு இருந்தது. எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் நான் விடவில்லை. அடுத்த தடவை அவரைப் பார்த்தபோது முத்தைப் பற்றிச் சொன்னேன். இயற்கை முத்துக்குளிப்பு நின்றபின் தூத்துக்குடி பக்கத்து வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி அழகர்சாமி 1973-ல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். சிப்பியை மெல்லத் திறந்து, அதன் உடம்பில் நுண்ணிய கீறல் போட்டு, உருண்டையான ஒரு கருவையும் இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் உள்ளே வைத்து மூட வேண்டும். மயிரிழை பிசகினால் சிப்பி கருவைத் துப்பிவிடும், இல்லையென்றால் செத்துப்போகும். மூச்சைப் பிடித்துக் கடலடிக்குப் போகத் தேவையில்லை. மேசையில் உட்கார்ந்து செய்யும் அறுவை வேலை. வலைக்கண்ணைப் பார்க்காமலே பின்னும் விரல்கள் எங்கள் பெண்களுடையவை. முத்துக்குளித்துறையில் முத்து எப்படி விளைகிறது என்பதை ஆய்வகத்தில் கற்கும் தகுதி வேறு யாரைவிடவும் அவர்களுக்கு உண்டு என்று சொன்னேன். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். பிள்ளை கடைசியில் விலங்கியல் எடுத்தாள். பாதி வெற்றி என்று வைத்துக்கொண்டேன்.

இராமநாதபுரம் பக்கம் போனால் இந்தப் பேச்சுக்கே வேறு உருவம். பாம்பன், சின்னப்பாலம் சுற்றுவட்டாரத்தில் பெண்கள் பல தலைமுறையாகக் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, புடவைக்கு மேலே ஆண்கள் சட்டையை மாட்டிக்கொண்டு தீவுகளைச் சுற்றி மூழ்கி எழுகிறார்கள். உலகத்துக்கே இந்தக் கரை ஆண்கள் மூழ்கும் கரையாகத்தான் அறிமுகம். இன்றைக்கு மூச்சைப் பிடித்து இறங்குகிறவர்களில் இவர்களும் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தபின் அவர்கள் வனத்துறையோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. எந்த மாதம் பாசியை விட்டுவைக்க வேண்டும், எவ்வளவு விட்டால் திரும்ப வளரும் என்ற கட்டுப்பாட்டைத் தாங்களே வகுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களின் சார்பில் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி 2015-ல் சீகாலஜி என்னும் சர்வதேச விருதைப் பெற்றார். பள்ளிப் படிப்பைத் தாண்டாத பெண்கள் செய்த இந்தக் கடல் பாதுகாப்பை ஒரு பாடத்திட்டத்தில் வைத்தால் கடல் உயிரியல் மாணவிக்கு ஓர் ஆண்டுப் பாடம் வரும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போக அந்தப் பக்கத்தில் இன்னும் விடுதிகள் வேண்டும், பேருந்துகள் வேண்டும். ஆய்வக வகுப்பு முடிந்து நாலரை மணிக்கு வெளியே வரும் பிள்ளை, கடற்கரைக் கிராமத்துக்குப் போகும் கடைசி வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வாரமே படிப்பை நிறுத்திவிடுவார்கள். பல பட்டங்கள் அந்த இடத்தில்தான் அறுந்துபோகின்றன.

என்னிடம் இளங்கலை முடித்துப்போன ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சித்தப்பா சங்கு குளிப்பவர். மேற்படிப்புக்காக ஊர்க் கடலில் உள்ள பார்களின் பெயர்களைத் திரட்டும் வேலையை எடுத்திருக்கிறாள். வரைபடத்தில் இருப்பவை சிலதான். பழைய ஆவணங்களிலேயே வரும் தொளாயிரம் பார் மாதிரி. சித்தப்பாவுக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் தெரிந்தவை அதைப்போல் பல மடங்கு. எந்தக் கோயில் கோபுரத்தையும் எந்த உப்பள மேட்டையும் நேர்கோட்டில் வைத்தால் எந்தப் பாருக்கு மேலே நிற்கிறோம் என்பது உட்பட அத்தனையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வான்தீவு, காசுவார், காரைச்சல்லி பக்கம் போகும்போது, தண்ணீருக்குள் போய்விட்ட விலாங்குச்சல்லித் தீவு எங்கே இருந்தது என்று அவர் கைகாட்டுவார். பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்த காலத்தையும் சொல்வார். அவள் தோணியில் போக முதலில் வீட்டில் சம்மதிக்கவில்லை. பெண்பிள்ளை ஏறினால் தோணிக்கு ஆகாது என்று பழைய பேச்சு. சித்தப்பாதான் அழைத்துப்போனார். அவள் கையில் இருந்த கருவி ஆழத்தையும் இடத்தையும் எண்ணாகக் காட்டியபோது, தான் கோபுரத்தை வைத்துச் சொன்ன இடத்தோடு அது பொருந்துகிறதா என்று அவர் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தாராம். பொருந்தியதாம்.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும். பெயர்ப்பட்டியலை மட்டும் தமிழிலும் தனியாக அச்சடித்து ஊர் மீனவர் சங்கத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்கிறாள். அச்சுச் செலவுக்கு அவள் படித்த பள்ளியின் பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து பணம் போடுகிறோம். எழுத்துப்பிழை பார்க்கும் பொறுப்பு என்னுடையது. முதல் பகுதி போன வாரம் வந்துவிட்டது.